யாழ்ப்பாணத்தில ஒரு செல்ரிக் கூட்டத்தைச் சேர்க்கிறதும் கலையாமல் வச்சிருக்கிறதும் எப்பிடி

செல்ரிக் எண்டது ஸ்கொட்லாந்தில கிளாஸ்கோ நகரத்துப் புட்போல் கிளப், யாழ்ப்பாணத்தில அதின்ர மட்ச் பாக்கிற ஆக்கள் நீங்கள் நினைக்கிறதை விடக் கூட. ஒருத்தருக்கு மாமா கிளாஸ்கோவில இருக்கிறார், இன்னொருத்தர் அங்க முந்திக் கோல் அடிச்சுக் குவிச்ச ஹென்றிக் லார்சன்ர காலத்தில இருந்து பாக்கிறவர், இன்னொரு பொடியன் வீடியோ கேமில அந்தப் பச்சை வெள்ளை ஜேர்சியைக் கண்டு ஆசைப்பட்டுத் தொடங்கினவன். பிரச்சினை என்னெண்டா எல்லாரும் தனித்தனிய அறைக்கதவைச் சாத்திப்போட்டு இயர்போனைக் கொழுவிக்கொண்டு போனிலதான் பாக்கினம், கோல் அடிச்சா சேர்ந்து கத்த ஆளில்லை, தோத்தா சொல்லி ஆற ஆளில்லை. இந்த ஆக்களை ஒரு இடத்தில சேர்க்கிறது எப்பிடி, சேர்த்த பிறகு ரெண்டு மாசத்தில கலைஞ்சு போகாமல் வச்சிருக்கிறது எப்பிடி எண்டுதான் எழுதுறன். ஹார்ட்ஸ், அபர்டீன் எண்டு வேற ஸ்கொட்லாந்து கிளப்பைப் பிடிச்ச ஆக்களுக்கும் முக்கால்வாசி இது பொருந்தும்.

ஆள் தேட வெளிக்கிட முதல் கிளப்பின்ர கதையை நல்லாத் தெரிஞ்சு வச்சிருங்கோ. "எங்கயோ கிடக்கிற ரீமுக்கு இஞ்ச என்னடா கூட்டம்" எண்டு முதல் நாளே வீட்டில அம்மா கேப்பா, அதுக்கு உங்களிட்ட மறுமொழி இருக்கோணும். அயர்லாந்தில 1840களில வந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு ஊரை விட்டு வெளிக்கிட்ட சனத்தில கனபேர் கிளாஸ்கோவின்ர கிழக்குப் பக்கத்தில வந்து குடியேறினவை, சரியான வறுமை, பிள்ளையள் பசியோட பள்ளிக்கூடம் போனதுகள். அங்க தலைமை ஆசிரியரா இருந்த அருட்சகோதரர் வோல்பிரிட் எண்ட ஐரிஷ்காரர் அந்தப் பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்கக் காசு சேர்க்கத்தான் ஒரு புட்போல் கிளப் தொடங்கோணும் எண்டு நிண்டவர். 1887 நவம்பர் 6 ஆம் திகதி கால்ரன் எண்ட இடத்தில சென் மேரிஸ் கோயில் மண்டபத்தில கூடித்தான் செல்ரிக் பிறந்தது. அடுத்த வருசம் மே 28 முதல் மட்ச், கிளாஸ்கோவின்ர மற்றப் பெரிய கிளப் றேஞ்சேர்ஸோட, 5-2 எண்டு வெண்டவை. ஊரை விட்டுப்போன சனத்தின்ர கிளப், பசிச்ச பிள்ளையளுக்காகத் தொடங்கின கிளப், இதை யாழ்ப்பாணத்தில ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, கேட்ட உடனை பிடிபடும்.

எங்கட பக்கத்துத் தொடர்பும் கிடக்கு, அதையும் சொல்லுங்கோ. சம்பத்திரிசியார் கல்லூரிக்குப் பேர் வச்சது அயர்லாந்தின்ர பாதுகாவல் புனிதருக்கு, அங்க அதிபரா இருந்த லோங் அடிகளார் ஐரிஷ்காரர், பொது நூலகத்தடியில நிக்கிற அவற்ற சிலையைக் காணாத ஆள் இல்லை. புட்போல் எண்டா உயிரை விடுற இடங்களைப் பாத்தா குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை, எல்லாம் கோயிலும் கிரவுண்டும் பக்கத்தில பக்கத்தில இருக்கிற ஊருகள். நாவாந்துறை கழகத்தின்ர பேரே சென் மேரிஸ். அதுக்காக இதைக் கத்தோலிக்க ஆக்களின்ர கூட்டமா மட்டும் வைக்கவேண்டாம், கிளப்பும் அப்பிடி இருந்ததில்லை. ஜொக் ஸ்ரீன் எண்டு செல்ரிக்கின்ர ஆகப் பெரிய மனேஜர், சுரங்கத்தில வேலை செய்து வந்தவர், அவர் புரட்டஸ்தாந்துக்காரர். அவற்ற ரீம்தான் 1967 மே 25 லிஸ்பனில இன்ரர் மிலானை 2-1 எண்டு வெண்டு ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கினது, பிரித்தானியாவில இருந்து அதை முதல் எடுத்த கிளப், விளையாடின பதினொரு பேரும் கிளாஸ்கோவில இருந்து முப்பது மைலுக்குள்ள பிறந்த பொடியள். ஊர்ப் பொடியளை வச்சே உலகத்தை வெல்லலாம் எண்டு காட்டினவை. இதைத் துரையப்பா அரங்கில மட்ச் பாக்கிற ஆக்களுக்குச் சொல்லிப்பாருங்கோ, கண்ணைப் பாக்கோணும்.

இனி இடம். வீடு வேண்டாம். வீட்டில பாத்தா வீட்டுக்காரர் பாவம், அவையளுக்கு ரீ ஊத்துறதே வேலையாப் போகும், புது ஆக்களுக்கு வரவும் கூச்சமா இருக்கும். சாப்பாட்டுக்கடை எண்டா ஒவ்வொருத்தரும் ஏதாவது வாங்கோணும், காசில்லாத பொடியன் வராமல் விட்டுடுவான். எங்கட ஊருகளில இதுக்கெண்டே செய்துவச்ச மாதிரி ஒரு இடம் இருக்கு, சனசமூக நிலையம், வாசிகசாலை. கதிரை இருக்கு, சுவர் இருக்கு, கரண்ட் இருக்கு, ஊருக்கு எல்லாருக்கும் வழி தெரியும். நிர்வாகத்தை நேரில போய்க் கேளுங்கோ, தலைவரிட்ட மட்டும் கேட்டுப்போட்டு வராமல் செயலாளர், பொருளாளர், திறப்பு வச்சிருக்கிற ஆள் எல்லாரிட்டயும் ஒரு வார்த்தை கதையுங்கோ, கரண்ட் பில்லில எங்கட பங்கைத் தாறம் எண்டு நீங்களா முன்னுக்குச் சொல்லுங்கோ, முடிய கூட்டித் துடைச்சு கதிரை அடுக்கிப்போட்டுத்தான் போவம் எண்டும் சொல்லுங்கோ, சொன்ன மாதிரியே செய்யுங்கோ. ரெண்டு கிழமை அப்பிடிச் செய்தா மூண்டாம் கிழமை திறப்பை உங்களிட்டையே தருவினம்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லோணும், ஏனெண்டா கனக்கக் குழப்பம் வாறது இதிலதான். எங்கட நேரம் வருசம் முழுக்க ஒண்டுதான், அங்க மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைப்பினம், ஒக்ரோபர் கடைசி ஞாயிறு பின்னுக்கு வைப்பினம். அதாலை அங்கத்தைச் சனிக்கிழமை மூண்டு மணி மட்ச் கோடையில எங்களுக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில எட்டரை. பன்னிரண்டரை மட்ச் எண்டா பின்னேரம் அஞ்சு இல்லாட்டி ஆறு, இதுதான் எங்களுக்கு ஆகத் திறம், பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரலாம். சம்பியன்ஸ் லீக் இரவு எட்டு மணி மட்ச் எங்களுக்குச் சாமம் பன்னிரண்டரை, குளிர்காலத்தில ஒண்டரை. லீக் மட்ச் நேரத்தை டிவிக்காக அடிக்கடி மாத்துவினம், அதாலை மாசத் தொடக்கத்தில ஒரு ஆள் பொறுப்பா இருந்து எல்லா மட்ச்சையும் எங்கட நேரத்துக்கு மாத்தி ஒரு பேப்பரில எழுதி வாசிகசாலைப் பலகையில ஒட்டோணும். வாட்ஸ்அப் குறூப்பில போட்டா மேல போயிடும், பலகையில இருந்தா பேப்பர் பாக்க வாற ஐயாமாரும் பாப்பினம். லீக் நடக்கிற முறையையும் அதுக்குப் பக்கத்தில எழுதிவிடுங்கோ, பன்னிரண்டு ரீம், 33 மட்ச் முடிய மேல் ஆறும் கீழ் ஆறுமாப் பிரிஞ்சு இன்னும் அஞ்சு மட்ச், புதுசா வாற ஆக்கள் எல்லாரும் கேக்கிற கேள்வி இது.

சாம மட்ச்சுக்கு எல்லாரும் வரோணும் எண்டு நிக்காதேங்கோ. விடிய கடலுக்குப் போற ஆள், ஆஸ்பத்திரியில டியூட்டி இருக்கிற ஆள், சோதினை எழுதுற பிள்ளை எண்டு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வாழ்க்கை. வராத ஆளை "நீ உண்மையான ரசிகனோ" எண்டு கேக்கிற கதையை முதல் நாளே நிப்பாட்டுங்கோ. அந்த ஒரு கேள்வியாலையே கனபேர் விட்டுப் போயிருக்கினம், நல்ல ஆக்கள்.

மட்ச்சைப் பாக்கிற வழியை ஒழுங்கா எடுங்கோ. கிளப்புக்கே வெளிநாட்டு ஆக்களுக்கெண்டு சந்தா கட்டிப் பாக்கிற செல்ரிக் டிவி இருக்கு, எந்த மட்ச் எந்த நாட்டில காட்டலாம் எண்டது உரிமையைப் பொறுத்தது, அதைச் சந்தா கட்ட முதல் பாருங்கோ. ஒரு ஆளின்ர கணக்கை வச்சுக் கூட்டமாப் பாக்கலாமோ எண்டதைக் கிளப்புக்கு எழுதிக் கேட்டு வச்சிருக்கிறது நல்லது. திருட்டு லிங்கில பாக்கிறதை நான் ஒருக்காலும் சொல்லமாட்டன், அது களவு எண்டது ஒரு பக்கம், தொண்ணூறாவது நிமிசம் பெனால்ரி அடிக்கப் போகேக்க அது நிண்டுபோகும் எண்டது மற்றப் பக்கம். மாரி காலத்தில கரண்ட் போகும், ரவுட்டருக்கு ஒரு சின்ன பட்டரி வச்சிருங்கோ, அதுவும் போனா ஒரு போனில ரேடியோ வர்ணனையைப் போட்டிட்டு எல்லாரும் சுத்தி இருந்து கேக்கலாம். எங்கட கூட்டத்தில ஆகச் சந்தோசமான இரவு ஒண்டு அப்பிடித்தான் போனது, மழை சோவெண்டு ஊத்துது, மெழுகுதிரி வெளிச்சம், இங்கிலிஷ் விளங்கின தங்கச்சி ஒராள் ஒவ்வொரு பாஸையும் தமிழில சொல்லிக்கொண்டு வாறா, கோர்னர் எண்ட உடனை எல்லாரும் கதிரையை விட்டு எழும்பினம்.

சாப்பாடு. இதைச் சின்ன விசயமா நினைக்காதேங்கோ. ஸ்கொட்லாந்து லீக் தொடங்கிறது ஓகஸ்டில, அது நல்லூர்த் திருவிழாக் காலத்தோட வரும், பாதிப்பேர் மச்சம் சாப்பிடமாட்டினம். பிறகு புரட்டாசி வரும், புரட்டாசிச் சனி விரதம், மட்ச்சும் சனிக்கிழமைதான். அதாலை மீன் பற்றிஸ், இறைச்சி ரோல்ஸ் எண்டு வாங்கிக் குவிச்சுப்போட்டு விரதக்காரரைப் பிளேன்ரீயோட இருத்தி வைக்கவேண்டாம், கடலை வடை, சுண்டல், மரக்கறி ரோல்ஸ் எண்டு எல்லாரும் சாப்பிடக்கூடியதைப் பொதுவா வையுங்கோ, மச்சம் வேற நாளுக்கு. கிண்ணப் போட்டி இறுதி ஆட்டம், றேஞ்சேர்ஸ் மட்ச் மாதிரிப் பெரிய நாளுகளில ஒடியல் கூழ் காய்ச்சுங்கோ. கூழுக்கு ஒராள் நண்டு, ஒராள் பயத்தங்காய், ஒராள் மரவள்ளி, ஒராள் பலாக்கொட்டை எண்டு ஆளாளுக்குக் கொண்டுவரலாம், பின்னேரமே வந்து சேர்ந்து வெட்டி அடுப்பு மூட்டுவினம், அந்த ரெண்டு மணித்தியாலத்தில கதைக்கிற கதை மட்ச் நேரத்தில கதைக்க ஏலாத கதை. உண்மையில சிநேகிதம் பிடிபடுறது அங்கதான்.

குடி வேண்டாம். நான் இதில கொஞ்சம் கடுமையா இருக்கிறன் எண்டு சில பேர் சொல்லுவினம், இருந்தாலும் சொல்லுறன். செல்ரிக்கின்ர முதல் ரசிகர் சங்கங்களே மதுவிலக்குச் சங்கங்களுக்குள்ள இருந்து வந்ததுதான். 1880களின்ர கடைசியில கோயில் பங்கு பங்காச் சேர்ந்து குதிரை வண்டில் ஒண்டை வாடகைக்குப் பிடிச்சு, முன்னுக்கு ஒரு விளையாட்டுக்காரன்ர படம் வரைஞ்ச கொடியைக் கட்டிக்கொண்டு மட்ச்சுக்குப் போவினம், அதுக்கு பிரேக் கிளப் எண்டு பேர், அதில முதலாவதும் சென் மேரிஸ் பங்குதான். இஞ்சயும் போத்தல் வந்தா அண்டைக்கே அக்கா தங்கச்சிமார் வாறது நிண்டிடும், அடுத்த கிழமை பொடியளின்ர தாய்தேப்பன் விடமாட்டினம், அதுக்கடுத்த கிழமை வாசிகசாலைத் திறப்பு போயிடும்.

பெண்பிள்ளையள் வரோணும், வெறும் வாயால "வரலாம்" எண்டு சொன்னாப் போதாது. தெல்லிப்பழை மகாஜனாப் பிள்ளையள் அகில இலங்கை மட்டத்தில கிண்ணம் எடுத்து வந்தவை, இஞ்ச புட்போல் தெரிஞ்ச பெட்டையள் கனபேர். செல்ரிக் பெண்கள் ரீம் 2024 இல முதல் தரமா ஸ்கொட்லாந்து லீக்கை வெண்டது, அவையின்ர மட்ச்சையும் அதே சுவரில, அதே சத்தத்தோட போடுங்கோ. நிர்வாகத்தில பாதி அவையளா இருக்கட்டும். இருட்டினாப் பிறகு முடியிற மட்ச் எண்டா ஆர் ஆரோட சேர்ந்து வீட்டை போறது எண்டதை முதலே கதைச்சு வையுங்கோ, ஒரே பக்கம் போற ஆக்கள் சேர்ந்து வெளிக்கிடுறது, போய்ச் சேர்ந்த உடனை குறூப்பில ஒரு வார்த்தை போடுறது. இதைச் செய்தா தாய்மார் நம்புவினம், அவையளே ஒரு நாள் வந்து இருப்பினம்.

வயசு போன ஆக்களைத் தேடிப் போய்க் கூப்பிடுங்கோ. 1936 இல கல்கத்தாவில இருந்து மொகமட் சலீம் எண்ட விளையாட்டுக்காரர் கிளாஸ்கோ போய் செல்ரிக்கின்ர ரிசேர்வ் ரீமுக்கு ரெண்டு மட்ச் விளையாடினவர், சப்பாத்து இல்லாமல், காலில பந்தனம் சுத்திக்கொண்டு வெறுங்காலோட. அவருக்குக் கால் சுத்திவிடுற படம் ஒண்டு இருக்கு. பாசையூர்ப் பக்கத்து ஐயா ஒருத்தருக்கு அந்தப் படத்தைக் காட்டினம், இளந்தாரி வயசில மணலில வெறுங்காலோடையே விளையாடின மனிசன், போனை வாங்கி விரலால பெரிசாக்கி முகத்தை விட்டிட்டுக் காலைத்தான் பாத்தார், "துணியை இப்பிடிச் சுத்தினாக் கழராது" எண்டார். அண்டையில இருந்து அவருக்கு முன்வரிசையில ஒரு கதிரை. இப்பிடி ஆக்கள் இருந்தா பொடியளின்ர வாயும் கொஞ்சம் அடங்கும், மட்ச்சையும் வேற கண்ணால பாக்கப் பழகுவாங்கள்.

றேஞ்சேர்ஸ் விசயம் ஒண்டு சொல்லோணும். கிளாஸ்கோவில இந்த ரெண்டு கிளப்புக்கும் இடையில இருக்கிற பகை வெறும் புட்போல் இல்லை, அதுக்குள்ள மதம், அரசியல், குடியேறின சனத்தை நடத்தின விதம் எல்லாம் கிடக்கு, அதால ஆக்கள் அடிபட்டிருக்கினம், செத்தும் இருக்கினம். அந்த வெறுப்பை இஞ்ச இறக்குமதி செய்யாதேங்கோ. அங்க பாடுறாங்கள் எண்டு அர்த்தம் தெரியாமல் மதத்தைத் திட்டுற பாட்டுகளை எடுத்துப் பாடவேண்டாம், எங்கட ஊரில எல்லாச் சமயத்து ஆக்களும் பக்கத்தில பக்கத்தில இருக்கிறம். யாழ்ப்பாணத்தில றேஞ்சேர்ஸ் ரசிகர் ஒராள் இருந்தா அவரையும் கூப்பிட்டு இருத்துங்கோ, பகிடி விடுங்கோ, கூழ் குடுங்கோ. 1971 ஜனவரி 2 ஆம் திகதி றேஞ்சேர்ஸின்ர ஐப்ரொக்ஸ் மைதானத்தில இந்த ரெண்டு ரீமும் விளையாடி முடியிற நேரம் படிக்கட்டில நெரிபட்டு 66 பேர் செத்தவை, வீட்டை திரும்பி வராத பிள்ளையள் அதில கனக்க. அந்தத் திகதியில மட்ச் பாத்தா ஒரு நிமிசம் எழும்பி நில்லுங்கோ, ஆற்ற ஆக்கள் எண்டு பாக்காமல்.

காசு. சந்தா எவ்வளவு எண்டதை ஆகக் குறைவாக் குடுக்கக்கூடிய ஆளை நினைச்சுத் தீர்மானிக்கோணும், வசதியான ஆக்களை நினைச்சில்லை. வோல்பிரிட் சகோதரர் பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்கேக்க ஒரு பென்னி வாங்கினவர், சும்மா தாறம் எண்டு சொன்னாத் தாய்தேப்பனுக்கு மானப்பிரச்சினை எண்டதாலை. அதையே நீங்களும் செய்யலாம், சந்தா ஒரு சின்னத் தொகை, அதுவும் ஏலாத ஆளுக்குப் பொருளாளர் மட்டும் தெரிஞ்சு விட்டுக்குடுக்கிறது, ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. கணக்குப் புத்தகம் மேசையில திறந்து கிடக்கட்டும், ஆரும் எடுத்துப் பாக்கலாம், மாசக் கடைசியில அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குறூப்பில போடுங்கோ. வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் அனுப்புற காசையும் அதே புத்தகத்தில எழுதுங்கோ, ஆனா அந்தக் காசில கூட்டத்தை நடத்தப் பழகவேண்டாம், அவையள் புரொஜெக்டர் மாதிரி ஒண்டு வாங்கித் தந்தா நல்லது, கரண்ட் பில்லை நாங்கள்தான் கட்டோணும். காசு குடுக்கிறவன்தான் கூட்டத்தைத் தன்ர எண்டு நினைப்பான். காசு கனபேரிட்ட இருந்து வாறதுதான் நல்லது எண்டதுக்குக் கிளப்பே உதாரணம், 1994 இல செல்ரிக் கடனில முறிஞ்சு விழுகிற நிலையில இருந்தது, பேர்கஸ் மக்கான் எண்ட வியாபாரி வந்து பொறுப்பெடுத்துப் பங்கு வித்தபோது ஆயிரக்கணக்கான சாதாரண ரசிகர்தான் வாங்கினவை.

ஜேர்சி இல்லாத ஆளை ஒருநாளும் குறைவாப் பாக்காதேங்கோ. உண்மையான ஜேர்சி விலை இஞ்ச ஒரு குடும்பத்தின்ர கிழமைச் செலவு. துணிக்கடையில பச்சையும் வெள்ளையும் வாங்கி ஊர்த் தையல்காரரிட்டக் குடுத்தா ஒரு நல்ல கொடி தைச்சுத் தருவார், குறுக்குக் கோடு படுக்கையா வரோணும் எண்டு சொல்லுங்கோ, 1903 இல இருந்து அதுதான் அடையாளம். கொடியில "யாழ்ப்பாணம்" எண்டு தமிழில பெரிசா எழுதுங்கோ.

மட்ச் இல்லாத நாளிலதான் கூட்டம் நிலைக்குமோ இல்லையோ எண்டது தெரியும். ஒராளின்ர வீட்டில செத்தவீடு எண்டா முதல் ஆளாப் போய் நில்லுங்கோ, பந்தல் போடுறது, கதிரை இறக்கிறது, ரீ குடுக்கிறது, சொந்தக்காரரை பஸ்ராண்டில இருந்து ஏத்தி வாறது. ஆஸ்பத்திரியில ரத்தம் வேணுமெண்டா குறூப்பில ஒரு மெசேஜ் காணும். வேலை தேடுற பொடியனுக்கு ஆராவது ஒராள் ஒரு கதை சொல்லிவிடுவினம். வருசத்தில ரெண்டு தரமாவது கிளப் தொடங்கின காரணத்தைச் செய்யுங்கோ, பிள்ளையளுக்குச் சாப்பாடு. கிளாஸ்கோவில ரசிகர் மட்ச்சுக்கு முதல் மைதானத்துக்கு வெளியில நிண்டு சாப்பாட்டுச் சாமான் சேர்த்து ஏலாத குடும்பங்களுக்குக் குடுப்பினம், நாங்களும் மட்ச்சுக்கு வரேக்க ஆளுக்கு ஒரு சுண்டு அரிசி, கொஞ்சப் பருப்பு எண்டு கொண்டுவந்து ஒரு பெட்டியில போடுறம், நிறைஞ்ச உடனை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில குடுக்கிறம். வாங்கிற ஆக்களைப் படம் எடுத்துப் போடுறேல்லை. இது சட்டம்.

குறூப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒண்டு மட்டும், தோத்த இரவு விளையாட்டுக்காரரைத் தூசணத்தில திட்ட விடாதேங்கோ, குறிப்பா நிறத்தையோ நாட்டையோ இழுத்து. 2003 இல செவில்லியாவில யூஈஎஃப்ஏ கிண்ண இறுதி ஆட்டத்துக்கு கிட்டத்தட்ட எண்பதாயிரம் செல்ரிக் ரசிகர் போனவை, கனபேரிட்ட ரிக்கற்றும் இல்லை, லார்சன் ரெண்டு கோல் அடிச்சும் மேலதிக நேரத்தில போர்ட்டோவிட்ட 3-2 எண்டு தோத்தது, அப்பிடித் தோத்தும் ஒரு குழப்பம் இல்லாமல் வந்ததுக்கு ஃபீஃபா அந்த ரசிகருக்கு விருது குடுத்தது. தோல்விக்கு அதைப் பாத்துப் பழகலாம்.

கடைசியா, கூட்டத்தில ஆரும் படிக்கவோ சொந்தக்காரரைப் பாக்கவோ கிளாஸ்கோ போனா அவையளிட்டச் சொல்லிவிடவேண்டியது. ரிக்கற் கிளப்பிட்ட நேராத்தான் எடுக்கோணும், ரோட்டில நிண்டு விக்கிறவனிட்ட இல்லை. செல்ரிக் பார்க் இருக்கிறது பார்க்ஹெட்டில, அறுபதாயிரம் பேர் இருக்கிற மைதானம், ரெண்டு மணித்தியாலம் முதலே போங்கோ, வாசலடியில வோல்பிரிட் சகோதரரின்ர சிலை இருக்கு, அதில நிண்டா ஆராவது வந்து கதை குடுப்பினம், எந்த ஊர் எண்டு கேட்டா யாழ்ப்பாணம் எண்டு சொல்லி அங்க வாசிகசாலையில ஒரு கூட்டமே பாத்துக்கொண்டிருக்கு எண்டும் சொல்லுங்கோ, தங்கட பஸ்ஸில இடம் இருக்கு வா எண்டு கூப்பிடுற ஆக்கள் அவையள். கொடியைக் கொண்டுபோறதெண்டா அளவையும் விதியையும் கிளப்பிட்ட முதலே கேளுங்கோ. தடிச்ச ஜக்கெற், கம்பளி மேசு, கையுறை கட்டாயம், அங்கத்தைய தை மாசக் குளிர் எங்கட பனிக்காலம் மாதிரி இல்லை.